இடையன்குடியைக் கட்டிய கால்டுவெல்



இந்த மலருக்கு ஒரு கட்டுரை கொடு என்று மலர்க்குழு அண்ணன் போனில் கேட்டபோது, பாலம் கட்டுகிற பயல்தானே, கான்கிரீட்டைப் பற்றி ஏதாவது எழுதித் தருவான் என்றுதான் நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இரண்டு பக்கம் எழுதி முடிப்பதற்குள் எனக்கே கொட்டாவி வந்துவிட்டது. படிக்கிற உங்கள் கதி என்னாகும் என்று நினைத்து அதைக் கிழித்துப் போட்டேன். பாலத்தை விட்டுவிட்டு, ஓர் ஊரையே கட்டிய ஒரு மனிதரைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. ஊர் கட்டுவதும் ஒரு சிவில் வேலைதானே!

அவர் பெயர் ராபர்ட் கால்டுவெல். நம் எல்லோருக்கும் தெரிந்த பெயர். சென்னை மெரினாவில் சிலையாக நிற்கிறார். பள்ளிக்கூடத் தமிழ்த் தேர்வில் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதியவர் யார் என்று கேட்டால் ஒரு மதிப்பெண்ணுக்கு எழுதுவோமே, அவரேதான். எனக்கும் நெடுங்காலம் அந்த ஒரு மதிப்பெண் அளவுக்குத்தான் அவரைத் தெரியும். இத்தனைக்கும் நான் தேரிக்காட்டுக்காரன். என் தாத்தா பனையேறினவர். என் ஆச்சி மடியிலே தலையணையை வைத்து ரேந்தை பின்னினவள். அந்த இரண்டு தொழிலுக்கும் இந்த மனிதருக்கும் உள்ள தொடர்பு, போன வருஷம் அப்பாவோடு இடையன்குடிக்குப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

அங்கே எனக்கு மரியாதையும் வந்தது, கோபமும் வந்தது. இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

கப்பலில் வந்த இளைஞர்

கால்டுவெல் 1814-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் தேதி அயர்லாந்தில் ஆன்ட்ரிம் பக்கத்திலுள்ள கிளாடி என்ற சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள். சிறு வயதிலேயே குடும்பம் கிளாஸ்கோ நகருக்குத் திரும்பிவிட்டது. பையனுக்கு முதலில் ஆசை ஓவியத்தின்மேல். டப்ளினுக்குப் போய்ச் சித்திரம் கற்றுக்கொண்டார். பிறகு மனம் சமயத் தொண்டின் பக்கம் திரும்ப, லண்டன் மிஷனரி சங்கத்தில் சேர்ந்தார். சங்கம் அவரைக் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. அங்கே கிரேக்க மொழிப் பேராசிரியர் டேனியல் சாண்ட்ஃபோர்டு என்பவர் மொழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும் வித்தையை வகுப்பில் சொல்லிக்கொடுத்தார். பின்னாளில் தமிழுக்குக் கிடைத்த பெரிய நூலுக்கு விதை விழுந்தது அந்த வகுப்பறையில்தான். ஆசிரியர் சொல்வதைக் காதில் வாங்காமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த என்னைப் போன்றவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்!

1837-இல் பட்டம். அதே ஆண்டு கப்பல் ஏறினார். அதில் உடன் வந்தவர் தெலுங்குக்குப் பெருந்தொண்டு செய்த சி. பி. பிரவுன். நடுக்கடலில் தமிழகம் வருமுன்பே கால்டுவெல்லுக்கு இந்திய மொழிகளைப் பற்றிய பேச்சுத்துணை கிடைத்துவிட்டது. 1838 ஜனவரி 8-ஆம் தேதி சென்னையில் கரையிறங்கினார். அப்போது வயது 23. நம்மில் பலர் கேம்பஸ் இன்டர்வியூ முடித்து முதல் சம்பளம் வாங்கும் வயது.

சென்னையில் மூன்றரை ஆண்டுகள். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்த துரு என்பவரோடு சேர்ந்திருந்து தமிழ் கற்றார். 1841-இல் லண்டன் சங்கத்தை விட்டு விலகி ஆங்கிலத் திருச்சபையில் சேர்ந்தார். அந்தச் சபையைச் சேர்ந்த எஸ்.பி.ஜி. சங்கம் அவருக்குக் கொடுத்த இடம் திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியிலிருந்த இடையன்குடி.

சென்னையிலிருந்து அவர் நடந்தே புறப்பட்டார். குதிரையோ பல்லக்கோ கிடைக்காமலில்லை. தான் பணிசெய்யப் போகிற மக்களை நெருங்கிப் பார்க்க வேண்டும் என்பதே நோக்கம். தரங்கம்பாடி, கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி என்று நடந்து, நீலகிரி மலை ஏறி, உதகையில் குருப்பட்டம் பெற்று, மலையிறங்கி மதுரை வழியாகப் பாளையங்கோட்டை, நாசரேத் என்று வந்து, அந்த ஆண்டு முடிவதற்குள் இடையன்குடி சேர்ந்தார். இன்று ராத்திரி பஸ்ஸில் ஏறினால் காலையில் இறங்கிவிடுகிற தூரம்தான். ஆனால் நம்மில் யார் வழியிலுள்ள ஒரு மனிதரையாவது பார்த்துப் பேசியிருக்கிறோம்?

செம்மணலில் தெருக்கள்

இடையன்குடியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். திசையன்விளைக்குப் பக்கத்தில், கடலுக்குச் சில மைல் உள்ளே இருக்கிற ஊர். சுற்றிலும் தேரி. இரும்புத் துரு படிந்த செம்மணல். ஆனி ஆடிக் காற்று அடித்தால் மணல்மேடு இடம் மாறும். நெல் வயல் பார்க்கக் கிடைக்காது. எங்கே பார்த்தாலும் பனை.

பனைத்தொழில் தெரியாத தம்பிகளுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். இடுப்பிலே அருவாப்பெட்டி, காலிலே திளாப்பு. விடியுமுன் மரம் ஏற வேண்டும். பாளையை மெல்லிசாகச் சீவி, கலயத்தில் சுண்ணாம்பு தடவிக் கட்ட வேண்டும். சுண்ணாம்பு இருந்தால்தான் பதநீர் புளித்துக் கள்ளாகாமல் நிற்கும். காலையில் இறக்கியதை வீட்டிலே பெண்கள் மணிக்கணக்காகக் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவார்கள். சாயங்காலம் ஆண்கள் மறுபடியும் ஏற வேண்டும். முப்பது நாற்பது மரம், தினமும் இரண்டு வேளை. ஒரு நாள் பாளை சீவாவிட்டால் ஊறல் நின்றுவிடும் என்பதால் லீவு என்ற பேச்சே கிடையாது. என் தாத்தாவின் நெஞ்சிலும் கையிலும் காய்ப்புக் காய்த்திருந்ததை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

இந்தத் தொழிலையே நம்பியிருந்த மக்கள் நடுவில்தான் கால்டுவெல் வந்து உட்கார்ந்தார். அவர் வருமுன்பே அங்கே ஒரு சிறு கிறிஸ்தவ சபை இருந்தது. ஆனால் ஒழுங்கான தெரு இல்லை. மனம்போன போக்கில் குடிசைகள். அவர் நிலத்தை விலைக்கு வாங்கினார். நேர்கோட்டில் தெருக்களை அளந்து போட்டார். கிணறு வெட்டினார். இருபக்கமும் மரம் நட்டார். இன்றும் அந்தத் தெருவில் நின்றால் ஒரு முனையிலிருந்து மறுமுனை தெரிகிறது. லே-அவுட் வரைந்து பிழைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: தெரு வரைவது பெரிய காரியமில்லை. தேரி மணலில் கிணறு நிற்க வைப்பதும், நட்ட மரத்தைக் காப்பாற்றுவதும்தான் காரியம். மணல் சரிந்துகொண்டே இருக்கும், காற்று மூடிக்கொண்டே இருக்கும். திரும்பத் திரும்பச் செய்ய ஆள் அங்கேயே இருக்க வேண்டும். அவர் இருந்தார். இடையில் ஊருக்குப் போய்வந்த காலம் நீங்கலாக, நாற்பது ஆண்டுகள் அதுதான் அவர் வீடு.

எலைசா அம்மையாரின் தலையணை

கால்டுவெல்லைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர் அவருடைய மனைவியை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அது நியாயமில்லை.

1844-இல் அவர் மணந்த எலைசா, நாகர்கோவிலில் பணிசெய்த சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் தம்பதியின் மகள். நாஞ்சில் நாட்டில் வளர்ந்தவர். பேச்சுத் தமிழ் அவருக்குப் பிள்ளைப் பருவத்திலிருந்தே வந்த தமிழ். ஊர்ப் பெண்களிடம் வாசற்படியில் உட்கார்ந்து பேச அவரால் முடிந்தது. கல்யாணமான அதே ஆண்டு இடையன்குடியில் பெண்பிள்ளைகளுக்கு விடுதியோடு ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1844 என்பதை இன்னொரு தடவை படியுங்கள். அந்தக் காலத்தில் பெரிய வீட்டுப் பெண்களுக்கே எழுத்து எட்டாக்கனி. அப்போது பனையேறி வீட்டுப் பெண்பிள்ளை கையில் புத்தகம்!

கூடவே அவர் கொண்டுவந்தது ரேந்தைத் தொழில். லேஸ் என்று சொன்னால் இப்போதுள்ளவர்களுக்குப் புரியும். ரேந்தை என்பது போர்த்துக்கீசியரிடமிருந்து நமக்கு வந்த சொல். எலைசாவின் தாயார் மார்த்தா நாகர்கோவிலில் இதைத் தொடங்கியிருந்தார். அடிமை முறை சட்டப்படி இருந்த திருவிதாங்கூரில், ரேந்தை பின்னிச் சேர்த்த காசைக் கொடுத்துத் தங்கள் விடுதலையைத் தாங்களே வாங்கிக்கொண்ட பெண்கள் இருந்தார்கள். அந்தத் தாயின் தொழில் மகள் கையோடு தேரிக்காட்டுக்கு வந்தது.

ஆச்சி பின்னுவதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். உருண்டையான ஒரு தலையணை. அதன்மேல் மாதிரி குத்திய தடித்த காகிதம். புள்ளி புள்ளியாகக் குண்டூசிகள். நூல் சுற்றிய சின்னச் சின்ன மரக்குச்சிகள் ஜோடி ஜோடியாகத் தொங்கும். செய்வது இரண்டே இரண்டு வேலைதான்: நூலைக் குறுக்கே மாற்றுவது, முறுக்குவது. இந்த இரண்டையும் எந்த வரிசையில் செய்கிறோம் என்பதில்தான் பூவும் இலையும் வலையும் பிறக்கும். கம்ப்யூட்டர் படித்த நண்பர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். ஒன்றும் பூஜ்யமுமாக உலகத்தையே எழுதுகிறோம் என்று பெருமைப்படுகிறோமே, ஆச்சி குறுக்கும் முறுக்குமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். அவள் கற்றது அந்த வழியில் வந்த ஒரு மிஷன் போர்டிங்கில்.

முப்பத்துமூன்று ஆண்டுக் கட்டடம்

இனி கோயில். எங்கள் பக்கத்தில் சர்ச் என்று சொல்ல மாட்டோம், கோயில் என்றுதான் சொல்வோம். இடையன்குடியின் பரிசுத்த திரித்துவ ஆலயத்துக்கு 1847-இல் அடிக்கல் போட்டார்கள். பிரதிஷ்டை ஆனது 1880 ஜூலை 6-ஆம் தேதி. முப்பத்துமூன்று ஆண்டுகள்!

என் கம்பெனியில் ஒரு பாலம் ஆறு மாதம் தாமதமானால் ஆளுக்கு ஆள் விளக்கக் கடிதம் எழுத வேண்டும். முப்பத்துமூன்று ஆண்டு என்றால்? அடிக்கல் நாளில் பிறந்த குழந்தை பிரதிஷ்டையன்று தன் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருக்கும்.

ஏன் இவ்வளவு காலம்? முதல் காரணம் பணம். 1854-இல் விடுப்பில் இங்கிலாந்து சென்றபோது கோயிலுக்கும் நன்கொடை திரட்டினார். வந்த பணத்துக்கு வேலை, பணம் தீர்ந்தால் வேலை நிற்கும். தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டையே உலுக்கிய பஞ்சம். அப்போது கட்டடத்தைவிடக் கஞ்சிதான் முக்கியம் என்று நிவாரண வேலையில் முன்னே நின்றார்.

கட்டியது காதிக் பாணியில். மேலே கூராக முடிகிற வளைவுகள், உயரமான சன்னல்கள். அரைவட்ட வளைவைவிடக் கூர்வளைவில் பக்கவாட்டுத் தள்ளல் குறைவு, உயரமும் கூடுதலாகக் கிடைக்கும் என்று நமக்கு ஸ்ட்ரக்சர்ஸ் வகுப்பில் சொல்லித்தந்தது நினைவிருக்கிறதா? அந்தப் பாடத்தை நான் உண்மையில் புரிந்துகொண்டது இடையன்குடியில் அண்ணாந்து பார்த்தபோதுதான். இன்னொன்று. அந்தக் காலத்துக் கட்டுமானம் சுண்ணாம்புக் காரை. சிமெண்ட்டைப் போல இருபத்தெட்டு நாளில் பலம் காட்டாது. காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சி, வருஷக்கணக்கில் கல்லாக மாறும். அவசரப்படுத்தினால் வெடிக்கும். அந்த ஊரில் அவர் செய்த எல்லா வேலையும் சுண்ணாம்புக் காரை மாதிரிதான் என்று எனக்குத் தோன்றியது.

மேசையில் எழுதியவை

இத்தனை வேலைக்கு நடுவே இரவில் விளக்கடியில் உட்கார்ந்து அவர் எழுதியவை ஒரு பக்கம். 1856-இல் லண்டனில் வெளிவந்தது ஒப்பிலக்கணம். 1875-இல் திருத்தி விரித்த இரண்டாம் பதிப்பு. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், துளு முதலாக, மலைகளிலும் காடுகளிலும் பேசப்படும் தோடம், கோதம், கோண்டு வரை எடுத்துக்கொண்டு, இவையெல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல என்று சான்றுகளை அடுக்கிக் காட்டினார். நாம் மூன்று என்கிறோம். தெலுங்கர் மூடு, கன்னடர் மூரு, மலையாளி மூந்நு. முன்னிலையில் நாம் நீ என்றால் மலையாளியும் நீ, கன்னடர் நீனு, தெலுங்கர் நீவு. எண்ணும் சுட்டும் பெயர்களும் ஒரு மொழியின் அஸ்திவாரக் கற்கள். கடன் வாங்கிய சொல் சுவரில் இருக்கலாம், அஸ்திவாரத்தில் இருக்காது என்பதே அவர் வாதத்தின் சாரம். இந்தக் கருத்தை 1816-லேயே எல்லிஸ் என்ற அதிகாரி சுருக்கமாகச் சொல்லியிருந்தார். ஆனால் அதை ஒரு முழுக் கட்டடமாக எழுப்பியவர் கால்டுவெல்தான்.

தமிழ் வேதாகமத்தைத் திருத்திய குழுவில் அவர் இருந்தார். கொற்கையிலும் காயலிலும் மண்ணைத் தோண்டிப் பார்த்தார். திருநெல்வேலியின் வரலாற்றை 1881-இல் நூலாகத் தந்தார்.

இத்தனையையும் எழுதிய கையால் இன்னொன்றும் எழுதினார். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

ஒரு சிறு புத்தகம்

1849-இல் சென்னையில் அச்சான சிறு நூல் அது. தான் யார் நடுவில் வாழ்ந்தாரோ அந்தப் பனைத்தொழில் மக்களைப் பற்றியது. அந்நாளில் சாணார் என்று அழைக்கப்பட்டு, இன்று நாடார் என்று வழங்கும் சமூகம். என் சமூகம். அவர்கள் இலங்கையிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்றார். அறிவு வளர்ச்சியில் பின்தங்கியவர்கள் என்ற தொனியில், சீமையிலுள்ள வாசகர்களின் பரிவைப் பெறுவதற்காக, அவர்களுடைய வழிபாட்டையும் வாழ்வையும் மிகத் தாழ்வாக எழுதினார்.

கல்லூரி முடித்துச் சில ஆண்டுகள் கழித்து ஒரு நூலகத்தில் அதன் நகலை நான் படித்தேன். பனையேறுகிற விதத்தை அவர் நுட்பமாகக் கவனித்து எழுதியிருந்தது என்னைக் கவர்ந்தது. அடுத்த சில பக்கங்கள் என்னைச் சுட்டன. என் தாத்தாவின் தாத்தா அந்தப் பக்கங்களில் எங்கோ இருக்கிறார், ஆனால் ஒரு முழு மனிதராக இல்லை என்று பட்டது. புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வந்து டீக்கடையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது எனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. என் கோபம் புதிதல்ல. அந்த நூலை அந்த மக்களே படித்தார்கள். எப்படிப் படித்தார்கள்? மிஷன் பள்ளிகள் தந்த எழுத்தறிவால்! படித்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை மிஷன் பள்ளியில் உருவானவர், உபதேசியாராக இருந்தவர். வெள்ளைக்காரப் பாதிரிமாரோடு முரண்பட்டு வெளியேறி, 1857-இல் நாசரேத்துக்குப் பக்கத்துப் பிரகாசபுரத்தில் ஐரோப்பியர் தலையீடு இல்லாத இந்து கிறிஸ்தவ சபை என்ற தனிச் சபையையே நிறுவினார். பின்வந்தவர்கள் தங்கள் வரலாற்றைத் தாங்களே எழுதத் தொடங்கினார்கள். கூட்டம் போட்டார்கள், விண்ணப்பம் எழுதினார்கள், மறுப்பு நூல்கள் அச்சிட்டார்கள். எதிர்ப்பு வலுத்து, அந்தச் சிறு நூல் புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டது.

இதை முழுவதும் தெரிந்துகொண்ட பிறகு அப்பாவிடம் சொன்னேன். அப்பா ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். நான் கொதித்துக்கொண்டு பேசியதையெல்லாம் கேட்டார். பதில் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போய், பரணிலிருந்து ஆச்சியின் ரேந்தைத் தலையணையை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். தான் டீச்சர் டிரெய்னிங் படித்த காலத்தில் கட்டணத்துக்குக் குறைந்த பணம் இந்தத் தலையணையிலிருந்துதான் வந்தது என்று மட்டும் சொன்னார். அந்த நூலில் எழுதியது தப்பு என்பதையும் அவர் மறுக்கவில்லை. மறுநாள் இருவருமாக இடையன்குடிக்கு பஸ் ஏறினோம்.

கடைசி ஆண்டுகள்

1877-இல் கல்கத்தாவில் கால்டுவெல்லும் பாளையங்கோட்டை சார்ஜென்டும் ஒரே நாளில் அத்தியட்சர்களாக அபிஷேகம் பெற்றார்கள். 1883-இல் கால்டுவெல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். சாயர்புரத்தில் இருந்த உயர்கல்வி நிறுவனமும் அங்கே மாற்றப்பட்டுக் கால்டுவெல் கல்லூரி ஆனது. கல்லூரி வகுப்புகள் பின்னர் நின்றுபோயின. பள்ளி மட்டும் அவர் பெயரோடு தூத்துக்குடியில் நடக்கிறது.

1891 ஜனவரியில் பணி ஓய்வு. அதே ஆண்டு ஆகஸ்ட் 28-ஆம் தேதி கொடைக்கானலில் காலமானார். வயது 77. உடலை மலையிலிருந்து இறக்கி, அத்தனை தூரம் கொண்டுவந்து, இடையன்குடிக் கோயிலில் பலிபீடத்தின் அடியில் வைத்தார்கள். எட்டு ஆண்டு கழித்து எலைசா அம்மையாரும் அங்கேயே வந்து சேர்ந்தார். 1968-இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது மெரினாவில் சிலை வைத்தார்கள். 2010-இல் தபால்தலை வெளிவந்தது. இடையன்குடியில் அவர் வாழ்ந்த வீட்டைத் தமிழக அரசு 2011-இல் நினைவு இல்லமாக்கியது.

நானும் அப்பாவும் கோயிலுக்குள் போனபோது மத்தியான நேரம். ஆள் நடமாட்டம் இல்லை. அப்பா கல்லறைப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். நான் வளைவுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். வெளியே வந்தால் பள்ளிக்கூடம் விட்டு, புத்தகப்பையோடு பெண்பிள்ளைகள் சிரித்துக்கொண்டே அந்த நேர்த்தெருவில் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களில் யாருக்கும் 1849 தெரியாது. 1844-உம் தெரியாது. தெரிந்துகொள்ளத் தேவையான எழுத்து மட்டும் அவர்கள் பையில் இருந்தது.

நமக்கு என்ன?

நண்பர்களே, இந்த மலரில் இதை ஏன் எழுதினேன் தெரியுமா? ஆசிரியர்களைக் கும்பிடுவதும், கல்லூரியைக் கோயில் என்று புகழ்வதும் இப்படிப்பட்ட மலர்களில் வழக்கம். நானும் கும்பிடுகிறேன். ஆனால் இடையன்குடி எனக்கு வேறொன்றும் சொல்லித்தந்தது. பள்ளி தொடங்குகிறவர் பெரியவராக இருக்கலாம், தவறும் செய்யலாம். அவர் நல்ல பள்ளியாகத் தொடங்கியிருந்தால், அவருடைய தவறை அவருக்கே எடுத்துச் சொல்லும் பிள்ளைகள் அதிலிருந்து வருவார்கள். கால்டுவெல் கட்டியவற்றில் உறுதியானது எது என்று கேட்டால், கோயிலும் இல்லை, ஒப்பிலக்கணமும் இல்லை, அந்தப் பள்ளிதான் என்பேன். அவரையே மறுக்கும் பலம் அதற்கு இருந்தது.

அதனால் தம்பி தங்கைகளே, வகுப்பில் கேள்வி கேளுங்கள். வாத்தியார் சொல்வது தப்பென்று பட்டால் மரியாதையோடு எழுந்து சொல்லுங்கள். நம் பேராசிரியர்கள் அதற்குச் சந்தோஷப்படுகிறவர்கள்தான் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன்.

முன்னாள் மாணவர்களே, நாம் எல்லோரும் இரண்டு வருஷத்துக்கு ஓர் ஊர், மூன்று வருஷத்துக்கு ஒரு கம்பெனி என்று ஓடிக்கொண்டிருக்கிறோம். நாற்பது ஆண்டு ஓரிடத்தில் உட்காருவது நமக்கு ஆகாத காரியம். ஆனால் ஒரு பிள்ளையின் படிப்பை, முதல் வருஷத்திலிருந்து கடைசி வருஷம் வரை, நடுவில் விடாமல் தாங்கிப் பிடிக்க நம்மால் முடியும். நம் சங்கத்தின் கல்வி உதவி நிதிக்கு நான் இந்த ஆண்டு முதல் ஒரு பிள்ளைக்கு அப்படி ஒப்புக்கொண்டிருக்கிறேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, பக்கத்தில் இன்னும் நாலு பேர் வந்து உட்கார வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆச்சியின் தலையணையை அப்பா மறுபடி பரணில் ஏற்றவில்லை. இப்போது எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கிறது. அதில் பாதி பின்னிய ரேந்தை ஒன்று குண்டூசியோடு அப்படியே நிற்கிறது. மீதியைப் பின்னத் தெரிந்தவர்கள் எங்கள் வீட்டில் யாருமில்லை. என் மகள் மட்டும் குச்சிகளை எடுத்துக் குறுக்கே மாற்றிப் பார்க்கிறாள். கற்றுத்தர ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன். உங்கள் ஊரில், உங்கள் வீட்டில் யாராவது இருந்தால் ஒன்றுகூடல் அன்று என்னிடம் சொல்லுங்கள்.

சந்திப்போம். வாழ்க நம் கல்லூரி!